குறைந்த பட்ஜெட்டில் எந்தப் போர் விமானம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரஃபேல், எஃப்-35 பற்றியெல்லாம் படிக்க நிறைய இருக்கிறது. ஆனால் உலகின் பெரும்பாலான விமானப்படைகளுக்கு அவை எட்டாக்கனி. பிலிப்பைன்ஸ், அர்ஜென்டினா, தென்னாப்பிரிக்கா, பல்கேரியா, இலங்கை போன்ற நாடுகள் நிற்கும் கடைவீதியே வேறு. அங்கே என்ன கிடைக்கிறது, என்ன விலை, வாங்கியவர்களுக்கு அப்புறம் என்ன ஆனது என்று நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

மலிவான போர் விமானம் என்றால் விலை எவ்வளவு?

ஒரே எண்ணாகச் சொல்ல முடியாது. 2019-இல் பல்கேரியா 8 புத்தம் புதிய அமெரிக்க எஃப்-16 பிளாக் 70 (அதன் புதிய வகை) விமானங்களுக்கு 125.6 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டது. மூன்று ஆண்டுகள் கழித்துப் பக்கத்து நாடான ரோமானியா, நார்வே ஓட்டிக் கழித்த 32 எஃப்-16 விமானங்களை 38.8 கோடி யூரோவுக்கு வாங்கியது. பெயர் ஒன்றுதான், கணக்கு முற்றிலும் வேறு. மலேசியா 2023-இல் தென்கொரியாவின் 18 எஃப்ஏ-50 விமானங்களை 92 கோடி டாலருக்கு வாங்க ஒப்புக்கொண்டது. கொலம்பியா 2025-இல் சுவீடனின் 17 கிரிப்பன் விமானங்களுக்கு 310 கோடி யூரோவுக்குக் கையெழுத்திட்டது.

மொத்தத் தொகையை எண்ணிக்கையால் வகுத்து, ஒரு விமானம் இவ்வளவு என்று சொல்லும் பழக்கம் எல்லோருக்கும் இருக்கிறது. மலேசியாவுக்கு ஒன்று சுமார் 5 கோடி டாலர், கொலம்பியாவுக்குச் சுமார் 18 கோடி யூரோ என்று வரும். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது தவறு. ஒரு ஒப்பந்தத்தில் பயிற்சி, சிமுலேட்டர், உதிரிபாகம், பல ஆண்டுப் பராமரிப்பு எல்லாம் அடங்கியிருக்கும். இன்னொன்றில் அதில் பாதி இருக்காது. எங்கே விலை கேட்டாலும் அதற்குள் என்னென்ன இருக்கிறது என்று கேட்காமல் எண்ணை நம்பாதீர்கள்.

வாங்கும் விலையை விட ஓட்டும் செலவுதான் பெரிது என்கிறார்களே, உண்மையா?

உண்மை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

தென்னாப்பிரிக்கா 1999-இல் போட்ட பெரிய ஆயுத ஒப்பந்தத்தின் வழியாகச் சுவீடனின் கிரிப்பனைத் தேர்ந்தெடுத்தது. 2008-இலிருந்து 2012-க்குள் 26 விமானங்கள் வந்து சேர்ந்தன. நல்ல விமானம், நல்ல தேர்வு. ஆனால் 2013-இலேயே அவற்றில் 12 விமானங்களைப் பறக்கவிடப் பணமில்லாமல் நீண்டகாலச் சேமிப்பில் வைத்துவிட்டார்கள். 2021-இல் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் பணம் ஒதுக்கப்படாததால் மொத்தக் கிரிப்பன் படையும் தரையில் நின்றது. ஓர் ஆண்டு கழித்து, 2022-இல்தான் மறுபடி ஒப்பந்தம் ஆனது. ஆப்பிரிக்காவிலேயே மிக நவீனமான போர் விமானங்களில் ஒன்று கொட்டகைக்குள் நின்றது. விமானத்தில் எந்தக் கோளாறும் இல்லை. வருடாவருடம் தீனி போடத் தயாராக இல்லாமல் யானையை வாங்கிக் கட்டியதுதான் காரணம்.

மலேசியா கதையும் அப்படித்தான். அவர்களிடம் 18 சுகோய்-30, 10 மிக்-29 என்று மொத்தம் 28 ரஷ்ய விமானங்கள் இருந்தன. 2018-இல் அந்த நாட்டுப் பாதுகாப்பு அமைச்சர் நாடாளுமன்றத்திலேயே சொன்னார்: அவற்றில் 4 மட்டும்தான் பறக்கும் நிலையில் இருக்கின்றன. உதிரிபாகம் கிடைக்காதது ஒரு முக்கியக் காரணம்.

ஒரு மணி நேரம் பறக்க என்ன செலவு என்பதற்கு 2012-இல் பாதுகாப்புத் துறைத் தகவல்களைத் தொகுக்கும் ஜேன்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஒப்பீட்டை இன்றும் பலர் எடுத்துக்காட்டுகிறார்கள். கிரிப்பனுக்கு 4,700 டாலர், எஃப்-16-க்கு 7,000, சூப்பர் ஹார்னெட்டுக்கு 11,000, ரஃபேலுக்கு 16,500, யூரோஃபைட்டருக்கு 18,000 என்பது அதன் கணக்கு. அந்த ஆய்வைக் கேட்டு வாங்கியது கிரிப்பனைத் தயாரிக்கும் சாப் நிறுவனம் என்பதை நினைவில் வையுங்கள். எண்களும் பழையவை. ஆனால் வரிசை பெரும்பாலும் சரி: சின்ன, ஒற்றை இன்ஜின் விமானம் குறைவாகச் சாப்பிடும். இரட்டை இன்ஜின் என்றால் எல்லாமே இரண்டு. எரிபொருள், ஓவர்ஹால், உதிரிபாகம், இன்ஜினைக் கழற்றி மாட்டும் ஆட்களின் வேலை நேரம் என எல்லாம்.

அதனால்தான் இந்தக் கடைவீதியில் நான் முதலில் பார்ப்பது எடையை. எஃப்ஏ-50 முழுச் சுமையோடு கிளம்பும்போது சுமார் 12 டன். பாகிஸ்தானின் ஜேஎஃப்-17, இந்தியாவின் தேஜஸ் இரண்டும் 13 டன்னை ஒட்டியவை. கிரிப்பன் சி 14 டன், கிரிப்பன் இ 16.5 டன், எஃப்-16 சுமார் 19 டன். டன் ஏற ஏறச் செலவும் ஏறும் என்று வைத்துக்கொண்டால் பெரிதாக ஏமாற மாட்டீர்கள்.

தென்கொரியாவின் எஃப்ஏ-50-ஐ ஏன் இத்தனை நாடுகள் வாங்குகின்றன?

அது பயிற்சி விமானமாகப் பிறந்தது. டி-50 என்ற பெயரில் கொரியாவின் கேஏஐ நிறுவனமும் அமெரிக்காவின் லாக்ஹீட் மார்ட்டினும் சேர்ந்து உருவாக்கி, 2002-இல் முதல்முறை பறந்தது. அதில் ரேடாரும் ஆயுதமும் சேர்த்தால் எஃப்ஏ-50. வேகம் மாக் 1.5, அதாவது ஒலியின் வேகத்தைப் போல ஒன்றரை மடங்கு. ஒரே வகை விமானத்தில் விமானியையும் பயிற்றுவிக்கலாம், சண்டைக்கும் அனுப்பலாம் என்பது பணம் குறைந்த படைக்குப் பெரிய வரம்.

பிலிப்பைன்ஸ்தான் இதற்குச் சரியான உதாரணம். 2005-இல் பழைய எஃப்-5 விமானங்களுக்கு ஓய்வு கொடுத்த பிறகு, பத்தாண்டுகள் அந்த நாட்டிடம் ஒலியை விட வேகமாகப் பறக்கும் விமானம் ஒன்றுகூட இல்லை. 2014-இல் 12 எஃப்ஏ-50-க்கு ஆர்டர் கொடுத்தார்கள்; சுமார் 42 கோடி டாலர். 2015 நவம்பரில் முதல் இரண்டு கிளார்க் தளத்தில் இறங்கின. 2017-இல் சொந்த நாட்டின் மராவி நகரில் ஆயுதக் குழுவோடு நடந்த சண்டையில் குண்டு வீசின. அதில் ஒரு குண்டு குறி தவறிச் சொந்தப் படைவீரர்கள் இருவரைக் கொன்றது. 2025 மார்ச்சில் ஒரு விமானம் மலையில் விழுந்து இரண்டு விமானிகள் இறந்தார்கள். இத்தனைக்கும் பிறகு அதே ஆண்டு ஜூனில் இன்னும் 12 விமானங்களுக்கு 70 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டார்கள். அதற்கு இரண்டு மாதம் முன்னால் அமெரிக்கா அவர்களுக்கு 20 புதிய எஃப்-16 விற்க அனுமதி கொடுத்தபோது சொன்ன மதிப்பீடு 558 கோடி டாலர். இரண்டு தொகையையும் பார்த்தால் ஏன் கொரியாவிடம் திரும்பிப் போனார்கள் என்பது விளங்கும்.

குறை இல்லாமல் இல்லை. ஆரம்பகால எஃப்ஏ-50-இல் கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் இருக்கும் எதிரியை அடிக்கும் ஏவுகணை கிடையாது. உள்ளே கொள்ளும் எரிபொருளும் குறைவு. நவீன எதிரிக்கு முன்னால் அது நிற்காது. போலந்து 2022-இல் 48 விமானங்களை 300 கோடி டாலருக்கு வாங்கியபோது அவற்றில் 36 புது ரேடாரோடு வரும் மேம்பட்ட வகையாக இருக்க வேண்டும் என்று கேட்டது இதனால்தான்.

ஜேஎஃப்-17 எப்படி? பாகிஸ்தான் தயாரிப்பு என்பதால் இங்கே சரியாக எடைபோட மாட்டார்கள் என்கிறார்களே?

விமானத்தை விமானமாகப் பார்ப்போம். அது ஏன் பிறந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 1990-இல் அணு ஆயுதம் தொடர்பான பிரஸ்லர் சட்டத் திருத்தத்தின்படி அமெரிக்கா பாகிஸ்தானுக்கான ஆயுத விற்பனையை நிறுத்தியது. பாகிஸ்தான் பணம் கட்டிய 28 எஃப்-16 விமானங்கள் அரிசோனா பாலைவனத்தில் நிறுத்தி வைக்கப்பட்டன. காசும் போய், விமானமும் வராமல் நின்ற ஒரு நாடு, சாவி யார் கையில் இருக்கிறது என்பதை அன்றைக்குக் கற்றுக்கொண்டது. சீனாவின் செங்டு நிறுவனத்தோடு சேர்ந்து செய்த ஜேஎஃப்-17, 2003-இல் முதலில் பறந்தது. பாகிஸ்தானின் காம்ராவில் கட்டுகிறார்கள்.

விலை குறைவு. கூடவே சீன ஏவுகணைகளும் வரும். மூன்றாம் பிளாக்கில் (மூன்றாம் வகையில்) பல இலக்குகளை ஒரே நேரத்தில் தொடரும் நவீன ஏசா ரேடாரும், தொலைதூர பிஎல்-15 ஏவுகணையும் சேர்ந்தபின் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது. நைஜீரியா 3 விமானங்களை 18.4 கோடி டாலருக்கு வாங்கி 2021-இல் பெற்றது. அஜர்பைஜான் 40 வரை வாங்க ஒப்பந்தம் போட்டிருக்கிறது. மியான்மரும் வாங்கியது, ஆனால் அங்கே அவை கோளாறுகளால் பறக்காமல் நிற்பதாகச் செய்திகள் வந்தன. இன்ஜின் ரஷ்யாவின் ஆர்டி-93. அமெரிக்கப் பூட்டிலிருந்து தப்பித்து, ரஷ்யப் பூட்டுக்கும் சீனப் பூட்டுக்கும் வந்து சேர்ந்த விமானம் என்று சொல்லலாம். சில நாடுகளுக்கு அது பரவாயில்லை, சில நாடுகளுக்கு ஆகாது.

தேஜஸ் ஏன் இன்னும் வெளிநாட்டுக்கு விற்கவில்லை?

கோயம்புத்தூர் பக்கம் இருப்பவர்களுக்குத் தேஜஸ் செய்தித்தாளில் மட்டும் வரும் பெயர் அல்ல. விமானப்படையின் 45-ஆம் ஸ்குவாட்ரன் (படைப்பிரிவு) 2018-இல் சூலூருக்கு வந்தது, 18-ஆம் ஸ்குவாட்ரன் 2020-இல் அங்கேயே தொடங்கியது. எனக்கும் அந்த விமானத்தின் மேல் தனிப் பிரியம் உண்டு. அதனாலேயே இதை ஒளிக்காமல் சொல்ல வேண்டியிருக்கிறது.

தேஜஸ் நல்ல, இலகுவான, நவீன விமானம். 2001 ஜனவரி 4-ஆம் தேதி முதலில் பறந்தது. சிக்கல் விமானத்தில் இல்லை, எண்ணிக்கையில்தான். இந்திய விமானப்படைக்கே போதுமான அளவு கட்டிக் கொடுக்க முடியவில்லை. 2021-இல் தேஜஸின் மேம்பட்ட வகையான மார்க் 1ஏ விமானங்கள் 83-க்குச் சுமார் 48,000 கோடி ரூபாய்க்கு ஆர்டர். 2024-இல் வரத் தொடங்கியிருக்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து எஃப்404 இன்ஜின் வருவது தாமதமாகி, இந்த ஆர்டருக்கான முதல் இன்ஜினே 2025 மார்ச்சில்தான் வந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் மிக்-21 கடைசியாக ஓய்வு பெற்றபோது அதன் இடத்தை நிரப்ப வேண்டிய மார்க் 1ஏ ஒன்றுகூட விமானப்படையின் கையில் இல்லை. அதே மாதம் இன்னும் 97-க்கு 62,370 கோடி ரூபாயில் ஆர்டர் கொடுக்கப்பட்டது. வீட்டுக்காரருக்கே இலை போட முடியாத பந்தியில் விருந்தாளி வந்து உட்கார மாட்டார். மலேசியா தேஜஸைப் பரிசீலித்துவிட்டு எஃப்ஏ-50 பக்கம் போனதற்கு, கொரியா சொன்ன தேதியில் கொடுத்துப் பழகியிருக்கிறது என்பதும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். போலந்துக்கு 2022 செப்டம்பரில் கையெழுத்திட்டு, 2023 முடிவதற்குள் 12 விமானங்களைக் கொண்டுபோய் இறக்கினார்கள்.

2025 நவம்பரில் துபாய் கண்காட்சியில் தேஜஸ் விழுந்து விங் கமாண்டர் நமன்ஷ் சியால் உயிரிழந்தார். ஒரு விபத்தை வைத்து ஒரு விமானத்தை எடைபோடக் கூடாது. வாங்க நினைப்பவர்கள் பார்க்க வேண்டியது உற்பத்தி வேகத்தை.

கிரிப்பனை எல்லோரும் புகழ்கிறார்கள், ஆனால் குறைவாகத்தானே விற்கிறது?

சுவீடன் அதைத் தன் தேவைக்காகச் செய்தது. போர் வந்தால் பெரிய விமானத் தளங்கள் முதலில் அடிபடும், அப்போது நெடுஞ்சாலையிலிருந்து பறக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. 800 மீட்டர் சாலை போதும். ஒரு தொழில்நுட்பரும், கட்டாய ராணுவச் சேவைக்கு வந்த ஐந்து இளைஞர்களும் பத்து நிமிடத்தில் எரிபொருளும் ஏவுகணையும் ஏற்றி மறுபடி அனுப்பிவிடுவார்கள். ஆள் குறைந்த படைக்கு இதைவிடப் பொருத்தமான வடிவமைப்பு எனக்குத் தெரிந்து இல்லை.

செக் குடியரசும் ஹங்கேரியும் தலா 14 விமானங்களைக் குத்தகைக்கு எடுத்தன. வீடு வாங்க முடியாதவர் வாடகைக்கு இருப்பது போல, தவறே இல்லை. செக் நாடு 2005-இல் பத்தாண்டுக்கு எடுத்து, பிறகு நீட்டித்தது. தாய்லாந்து 12 வாங்கியது. 2025 ஜூலையில் கம்போடியாவோடு நடந்த எல்லை மோதலில்தான் கிரிப்பன் முதன்முறையாகப் போரில் குண்டு வீசியது. அடுத்த மாதமே இன்னும் 4 ஆர்டர் செய்தார்கள்.

விற்பனை குறைவுக்குக் காரணம், போட்டியாளர் அமெரிக்காவாக இருப்பதுதான். எஃப்-16 வாங்கினால் கூடவே ஒரு வல்லரசின் நட்பும் வரும் என்று பல தலைநகரங்கள் நினைக்கின்றன. சுவீடனால் அதைக் கொடுக்க முடியாது. இன்னொன்று, புதிய கிரிப்பன் இ மலிவு விமானம் இல்லை. கொலம்பியாவின் தொகையை மேலே பார்த்தீர்கள். சுவிட்சர்லாந்து 2014-இல் 22 வாங்க முடிவு செய்து, மக்கள் வாக்கெடுப்பில் 53 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்று சொன்னதால் கைவிட்டது.

அர்ஜென்டினா ஏன் இவ்வளவு காலம் அலைந்தது?

இந்தக் கடைவீதியின் எல்லாப் பிரச்சினைகளையும் ஒரே நாட்டில் பார்க்க வேண்டுமென்றால் அர்ஜென்டினாவைப் பாருங்கள். 2015 நவம்பரில் மிராஜ் விமானங்கள் ஓய்வு பெற்றன. மிஞ்சியது ஒலி வேகத்தைத் தாண்டாத ஏ-4 விமானங்கள் மட்டும். புதிது வாங்க எந்தக் கதவைத் தட்டினாலும் பின்னால் 1982 நின்றது. ஃபாக்லாந்து தீவுகளுக்காகப் பிரிட்டனோடு போரிட்ட அந்த ஆண்டுக்குப் பிறகு, பிரிட்டிஷ் பாகம் உள்ள எந்த ராணுவத் தளவாடத்தையும் அர்ஜென்டினாவுக்கு விற்க லண்டன் விடுவதில்லை.

பிரிட்டிஷ் பாகம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், கிட்டத்தட்ட எல்லாவற்றிலும்! ஆபத்தில் விமானியை வெளியே தூக்கி எறியும் எஜெக்‌ஷன் இருக்கையை உலகின் பாதி விமானங்களுக்குச் செய்வது மார்ட்டின்-பேக்கர் என்ற பிரிட்டிஷ் நிறுவனம். கிரிப்பன், தேஜஸ், எஃப்ஏ-50 மூன்றிலும் அந்த இருக்கைதான். எஃப்ஏ-50-ஐ விற்க முடியாது என்று கொரிய நிறுவனம் 2020-இல் வருத்தத்தோடு கடிதமே எழுதியது. பிரான்சிடமிருந்து பழைய சூப்பர் எதாந்தார் விமானங்கள் ஐந்தை வாங்கி 2019-இல் கொண்டுவந்தார்கள்; அவற்றின் இருக்கைக்கும் பிரிட்டிஷ் பாகம் வேண்டியிருந்ததால் அவை சேவைக்கு வரவே இல்லை.

கடைசியில் வழி திறந்தது டென்மார்க்கில். டென்மார்க் எஃப்-35-க்கு மாறியதால் அதன் பழைய எஃப்-16 விமானங்கள் மிஞ்சின. எஃப்-16-இல் இருக்கை அமெரிக்காவுடையது. 2024 ஏப்ரலில் 24 விமானங்களுக்குச் சுமார் 30 கோடி டாலருக்குக் கையெழுத்தானது. 2025 டிசம்பரில் முதல் 6 வந்து இறங்கின. ஜேஎஃப்-17 மூலம் சீனா உள்ளே வந்துவிடக் கூடாது என்ற அமெரிக்காவின் கவலையும் இந்தக் கதவைத் தள்ளித் திறந்தது.

இங்கே ஒரு எண்ணைக் கவனியுங்கள். விமானங்களுக்கு 30 கோடி. அவற்றுக்கான ஏவுகணை, குண்டு, உதிரிபாகம், பயிற்சி, ஆதரவுக்காக 2024 அக்டோபரில் அமெரிக்கா அனுமதித்த விற்பனையின் மதிப்பீடு 94.1 கோடி டாலர். எல்லாவற்றையும் வாங்கியே ஆக வேண்டும் என்றில்லை. ஆனாலும் மூன்று மடங்கு. யானை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் காசில்லாமல் நிற்பது என்று நம் ஊரில் சொல்வார்களே, இங்கே அங்குசம் யானையை விட விலை அதிகம்.

அப்படியென்றால் உண்மையான சாவி யாரிடம் இருக்கிறது?

பெரும்பாலும் இன்ஜின் செய்பவரிடம். தேஜஸ், எஃப்ஏ-50 இரண்டிலும் ஓடுவது ஜெனரல் எலக்ட்ரிக்கின் எஃப்404. கிரிப்பன் சி-யில் இருக்கும் ஆர்எம்12 அதன் சுவீடன் பிள்ளை. கிரிப்பன் இ-யில் அதே நிறுவனத்தின் எஃப்414. இந்தியா, கொரியா, சுவீடன் என்று மூன்று தேசத்து விமானங்கள், ஆனால் நெஞ்சு ஒரே குடும்பம். வாஷிங்டன் வேண்டாம் என்றால் மூன்றும் விற்காது.

இது புதிதல்ல. 1977-இல் இஸ்ரேல் தன் கிபிர் விமானங்களை எக்வடோருக்கு விற்கப் போனபோது, உள்ளே இருந்த அமெரிக்க ஜே79 இன்ஜினைக் காரணம் காட்டி கார்ட்டர் அரசு தடுத்தது. குரோஷியா 2018-இல் இஸ்ரேலிடமிருந்து பழைய எஃப்-16 வாங்கத் தேர்ந்தெடுத்தது; இஸ்ரேல் சேர்த்திருந்த கருவிகளோடு கொடுக்க அமெரிக்கா ஒப்பவில்லை, ஒப்பந்தம் முறிந்தது. பிறகு குரோஷியா பிரான்சிடம் 12 பழைய ரஃபேலை வாங்கியது. 1998-இல் பொக்ரான் சோதனைக்குப் பிறகு தேஜஸ் திட்டத்தில் அமெரிக்க உதவி நின்று, நம் பொறியாளர்கள் பாதியில் திரும்ப நேர்ந்ததும் இதே பாடம்தான்.

ரஷ்ய விமானங்கள் மலிவாகக் கிடைக்குமே?

ஒரு காலத்தில் கிடைத்தன. இப்போது ரஷ்யாவிடம் வாங்கினால் அமெரிக்கத் தடை வரும் என்ற பயம் உண்டு. இந்தோனேசியா 2018-இல் 11 சுகோய்-35-க்குக் கையெழுத்திட்டும் கைவிட்டது. உதிரிபாகம் வந்துசேரும் நிலையும் மலேசியா கதையில் பார்த்ததுதான். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் தொடரலாம். புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

இருக்கும் பழைய விமானத்தையே புதுப்பித்தால் போதாதா?

சில நேரம் அதுதான் முடிந்த வழி. இலங்கை 1996 முதல் கிபிர் வைத்திருக்கிறது. 2021-இல் 5 விமானங்களைப் புது ரேடார், புதுக் கருவிகளோடு மேம்படுத்த இஸ்ரேல் நிறுவனத்தோடு 5 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது. ஒன்றுக்கு 1 கோடி டாலர். புதிய விமானத்தோடு ஒப்பிட்டால் சொற்பம். ஆனால் உடலுக்கும் இன்ஜினுக்கும் வயது ஏறிக்கொண்டேதான் போகும்.

கிபிர் என்ற பெயரை வெறும் விவரக் குறிப்பாக எழுதிவிட்டு நகர எனக்கு மனம் வரவில்லை. வன்னியில் வளர்ந்தவர்களுக்கு அது ஒரு சத்தம். சத்தம் கேட்டதும் பங்கருக்குள் ஓடிய நாட்கள். மராவி, மியான்மர், வன்னி என்று பார்த்தால், மலிவான போர் விமானங்கள் அந்நிய நாட்டு விமானத்தைச் சுட்டதை விடச் சொந்த எல்லைக்குள் குண்டு வீசியதே அதிகம். விமானங்களை ஒப்பிடும் யாரும் இதைத் தெரிந்துகொண்டுதான் ஒப்பிட வேண்டும்.

பழையதை இழுத்து ஓட்டுவதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. வங்கதேசத்தின் எஃப்-7, மிக்-21-ஐ அடியொற்றிய சீன விமானம். விலை மிகக் குறைவு என்பதால் 2010-களிலும் புதிதாக வாங்கினார்கள். 2025 ஜூலை 21-ஆம் தேதி அவற்றில் ஒன்று டாக்காவில் மைல்ஸ்டோன் பள்ளி மேல் விழுந்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள்.

12 விமானம் வைத்துக்கொண்டு ஒரு நாட்டைக் காக்க முடியுமா?

போர் நடத்த முடியாது, காவல் காக்கலாம். விமானப்படைகளில் ஒரு பழைய கைக்கணக்கு உண்டு: மூன்றில் ஒன்று பழுதுபார்ப்பில், ஒன்று பயிற்சியில், ஒன்று தயாராக. 12 இருந்தால் எந்த நேரமும் 4 கைக்கு வரும். அதில் இரண்டை ஓடுபாதை ஓரம் இரவும் பகலும் தயார் நிலையில் நிறுத்தலாம். 6 மட்டும் வாங்கினால் இதுகூட நிலைக்காது. அதனால்தான் சின்ன நாடுகளின் ஆர்டர்கள் பெரும்பாலும் 12, 14 என்று வருகின்றன.

தயார் நிலைக்கு ஆளும் வேண்டும். 2014 பிப்ரவரியில் எத்தியோப்பியப் பயணிகள் விமானம் ஒன்றை அதன் துணை விமானியே கடத்தி, விடிகாலையில் ஜெனீவாவில் இறக்கினார். கூடவே பறந்து வந்தவை இத்தாலி, பிரான்ஸ் போர் விமானங்கள். சுவிட்சர்லாந்தின் விமானங்கள் வரவில்லை. அவர்களின் விமானப்படை அப்போது அலுவலக நேரத்தில் மட்டும் இயங்கியது. பணக்கார நாட்டுக்கே இருபத்து நான்கு மணி நேரக் காவலை அமைக்க 2020 முடிவு வரை ஆனது.

போர் விமானமே இல்லாமல் இருக்க முடியாதா?

முடியும், இருக்கிறார்கள். நியூசிலாந்து, பாகிஸ்தானுக்குக் கொடுக்காமல் பாலைவனத்தில் நின்ற அதே 28 எஃப்-16 விமானங்களைக் குத்தகைக்கு எடுக்கவிருந்தது. 2000-இல் புதிய அரசு அதை ரத்து செய்தது; அடுத்த ஆண்டு பழைய ஸ்கைஹாக் படையையும் கலைத்தது. சுற்றிலும் கடல் இருப்பதால் அவர்களுக்கு அது சரிப்பட்டது. எஸ்தோனியா, லாட்வியா, லித்துவேனியா வானத்தை 2004 முதல் நேட்டோ நாடுகள் முறைவைத்துக் காக்கின்றன. கம்போடியாவிடமும் போர் விமானம் இல்லை. 2025-இல் தாய்லாந்து விமானங்கள் வந்தபோது எதிர்த்துப் பறக்க அவர்களிடம் எதுவும் இருக்கவில்லை. அக்கம்பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது இந்தக் கேள்வி.

காட்டுக்குள் ஒளியும் ஆயுதக் குழுக்கள்தான் பிரச்சினை என்றால் ஜெட்டே வேண்டாம். பிரேசிலின் சூப்பர் டுகானோ போன்ற, முன்னால் புரொப்பெல்லர் சுழலும் விமானம் போதும். கொலம்பியாவும் நைஜீரியாவும் பிலிப்பைன்சும் அதைத்தான் வைத்திருக்கின்றன.

சரி, நீங்கள் என்ன வாங்கச் சொல்வீர்கள்?

அமெரிக்காவோடு நல்ல உறவு இருந்து, பத்துப் பதினைந்து ஆண்டு ஓட்டினால் போதும் என்றால், ஐரோப்பாவிலிருந்து வரும் பழைய எஃப்-16. உலகெங்கும் 4,600-க்கு மேல் கட்டப்பட்ட விமானம் என்பதால் உதிரிபாகமும் அதைத் தெரிந்த கைகளும் எங்கும் கிடைக்கும். முதல்முறையாக ஜெட் படை அமைக்கும் நாட்டுக்கு எஃப்ஏ-50. பக்கத்தில் பலமான எதிரி இருக்கிறான், பணமும் ஓரளவு உண்டு, ஆள்தான் குறைவு என்றால் கிரிப்பன், முடிந்தால் குத்தகைக்கு. மேற்கின் கதவு மூடியிருந்தால் ஜேஎஃப்-17. தேஜஸைப் பரிந்துரைக்கத்தான் ஆசை. நாசிக்கிலும் பெங்களூரிலும் வருடத்துக்கு இருபதுக்கு மேல் வெளியே வரத் தொடங்கிய பிறகு இந்தப் பதிலை மாற்றி எழுதுகிறேன்.

எதை வாங்கினாலும் விமானிக்கு மணி நேரம் கொடுங்கள். நேட்டோ நாடுகள் ஒரு விமானிக்கு வருடம் 180 மணி நேரம் என்பதை அளவாக வைத்திருக்கின்றன. 24 விமானம் வாங்கி விமானிக்கு 60 மணி நேரம் கொடுப்பதா, 14 வாங்கி 150 கொடுப்பதா என்று கேட்டால், யோசிக்காமல் 14 என்பேன்.